ஒரு கிரவுண்டு மனையில் சூழலுக்கு இசைந்த தோட்டம்: ஒரு வடிவமைப்புச் சேவையின் மதிப்பீடு

சென்னையின் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான பகுதியில் எங்களுக்கு ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனை உள்ளது. அதில் வீடு போக எஞ்சிய பாதி இடத்தை, நீரையும் மருந்தையும் விழுங்காத, பறவைக்கும் பூச்சிக்கும் இடம் தருகிற தோட்டமாக அமைத்துத் தரும் பணியை ஒரு சிறிய தோட்ட வடிவமைப்பு நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தோம். தோட்டம் இப்போது கோடையையும் அடைமழையையும் பார்த்துவிட்டதால், அவர்களுடைய வேலையை எடைபோட முடிகிறது. வடிவமைப்புக்கு நான் தாராளமாகவே மதிப்பெண் தருவேன். வேலை முடிந்த பின் அவர்கள் நடந்துகொண்ட விதத்துக்கு அவ்வளவு தர இயலாது. குறைகளையும் சொல்லப்போவதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். இதே வகைச் சேவையை வேறு யாரிடம் பெறுவோருக்கும் இங்கே சொல்பவை பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

இவர்களுக்கு முன் விலைப்புள்ளி கொடுத்தவர்கள் அனைவரும் படங்களோடுதான் வந்தார்கள். கொரியன் புல் தரை, வெள்ளைக் கூழாங்கல், வரிசையாக அலங்காரப் பனை, உருண்டையாக வெட்டப்பட்ட ஃபைக்கஸ் என்று எல்லாப் படங்களிலும் ஒரே தோட்டம்தான் இருந்தது. அது ஓசூரிலும் இருக்கலாம், துபாயிலும் இருக்கலாம். இந்த நிறுவனத்தினரோ முதல் சந்திப்பில் செடியைப் பற்றிப் பேசவே இல்லை. மனையில் மூன்று இடங்களில் ஓரடி ஆழத்துக்குக் குழி தோண்டி, நீரை நிரப்பி, அது எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பார்த்தார்கள். ஒரு கண்ணாடிப் புட்டியில் மண்ணையும் நீரையும் கலக்கித் தெளியவிட்டு மணல் எவ்வளவு, வண்டல் எவ்வளவு என்று காட்டினார்கள். கடற்காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது, பக்கத்து வீட்டு மாடியின் நிழல் மாலையில் எங்கே விழுகிறது, மழைநாளில் தெருநீர் வாசற்படி வரை ஏறுகிறதா என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். வீடு கட்டியபோது கொட்டிய சிமெண்ட் கழிவு எங்கே புதைந்திருக்கிறது என்பதையும் கடப்பாரையால் குத்திக் கண்டுபிடித்தார்கள். அந்த இடத்தில் வைத்திருந்த வெட்சிச் செடி, நரம்பு பச்சையாகவும் இலை மஞ்சளாகவும் ஏன் நின்றது என்பதற்கு அப்போதுதான் விளக்கம் கிடைத்தது. சிமெண்டின் சுண்ணாம்பு மண்ணைக் காரத்தன்மை கொண்டதாக்கிவிடுவதால், மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் அதை எடுத்துக்கொள்ள முடிவதில்லை. அதற்கு அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) கரைத்து ஊற்றுவது தற்காலிக மருந்து. கழிவை அகற்றி மக்கிய இலையை இடுவதே நிலையான தீர்வு என்றார்கள்.

திட்டத்தின் முதுகெலும்பு நீர்க்கணக்குதான். சென்னையின் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் என்பதால், 1,200 சதுர அடி மொட்டைமாடியில் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் லிட்டருக்கு மேல் விழுகிறது. வழியில் இழப்பு போக ஒன்றேகால் லட்சம் லிட்டரையாவது நிலத்துக்குள் அனுப்பலாம். மழைநீர் சேகரிப்பு தமிழகத்தில் 2003-இலேயே கட்டாயமாக்கப்பட்டதால் எங்கள் வீட்டிலும் பெயருக்கு ஒரு குழி இருந்தது; ஜல்லி முழுவதும் வண்டல் அடைத்து அது சிமெண்ட் தொட்டியாகவே மாறியிருந்தது. அதை மூடிவிட்டு, 3 அடி விட்டமும் 15 அடி ஆழமும் உள்ள உறைக்கிணறு ஒன்றை இறக்கி, மாடிக் குழாய்களை ஒரு சிறு வடிகட்டித் தொட்டி வழியாக அதனுடன் இணைத்தார்கள். இந்தக் கிணறு ஒரு நேரத்தில் ஏறத்தாழ 3,000 லிட்டர் கொள்ளும். ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் மாடியிலிருந்து மட்டும் 11,000 லிட்டர் வந்துவிடும். மணல் நிலம் விரைவாக உறிஞ்சும் என்றாலும், 2015 டிசம்பரைக் கண்ட ஊரில் மண்ணின் கருணையை மட்டும் நம்பியிருக்க முடியாது. எனவே கிணற்றின் வழிந்தோடும் நீர், தோட்டத்தின் நடுவே அரையடி தாழ்வாக வெட்டிய மழைநீர்ப் பாத்திக்குப் போய், அதுவும் நிரம்பினால் மட்டுமே தெருக்கால்வாயை அடையும்படி மட்டம் அமைத்திருந்தார்கள். கடலோரத்தில் இதற்குக் கூடுதல் பயன் ஒன்றும் உண்டு. ஆழ்துளைக் கிணறுகள் நன்னீரை உறிஞ்ச உறிஞ்சக் கடல்நீர் நிலத்தடியில் உள்நோக்கி நகர்கிறது. மேலிருந்து இறங்கும் மழைநீர்தான் அதை எதிர்த்து நிற்கும் தடுப்பு. ஒரு வீட்டுக் கிணறு தனியாக அதைச் சாதித்துவிடாது, தெருவே செய்ய வேண்டும் என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை.

கார் நிறுத்தும் இடத்தில் முன்பு கிடந்த சிமெண்ட் தளத்தை உடைத்து, சக்கரம் ஓடும் இரண்டு பட்டைகளுக்கு மட்டும் கடப்பா கல் பதித்து நடுவை மண்ணாக விட்டது நல்ல யோசனை. தரை முழுவதும் பேவர் பிளாக் போட்டுவிட்டு ‘நீர் ஊடுருவும் தளம்’ என்று சொல்லிக்கொள்வோரும் இருக்கிறார்கள். அடியில் சிமெண்ட் கலவை போட்டுப் பதித்த பேவர் பிளாக்கில் எறும்புகூட ஊடுருவாது.

புல்தரை வேண்டும் என்பது வீட்டில் பிள்ளைகளின் விருப்பம். கோடையில் புல்லுக்குச் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 லிட்டர் நீர் வேண்டும் என்ற கணக்கில், 400 சதுர அடிப் புல்தரை ஒவ்வொரு நாளும் 180 லிட்டருக்கு மேல் குடிக்கும். இதை எழுதிக் காட்டிவிட்டு, அதற்கு மாற்றாக அவர்கள் முன்வைத்தது பொடுதலை. வரப்போரங்களிலும் குளக்கரைகளிலும் தானாகவே படர்ந்து கிடக்கும் இந்த மூலிகையை ஒருவர் தோட்டத்துக்குப் பரிந்துரைப்பது எனக்குப் புதிதாக இருந்தது. வேர்விட்ட துண்டுகளைப் பரவலாக நட்டார்கள். ஒரு மழைக்காலத்துக்குள் தரை மூடிவிட்டது. நடமாட்டத்தைத் தாங்குகிறது, புல்வெட்டும் இயந்திரம் தேவையில்லை, சிறு வெள்ளைப் பூக்களுக்குத் தேனீக்கள் வருகின்றன. கால்பந்து ஆடினால் தாங்காது. வெயில் உச்சத்தில் ஓரங்கள் காய்ந்து பழுப்பாகின்றன, மழை பட்டதும் மீண்டும் துளிர்க்கின்றன. ஆண்டு முழுவதும் ஒரே பச்சையாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்போர் இதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். தேனீக்கள் மொய்க்கும் தரையில் பிள்ளைகள் செருப்பில்லாமல் ஓடக்கூடாது என்பதை இந்நிறுவனம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

மரங்களிலும் வேலிச்செடிகளிலும் அவர்களுடைய தேர்வு இடமறிந்து செய்யப்பட்டது. கடற்காற்று வரும் கிழக்குப் பக்கத்தில் சங்கங்குப்பியை நெருக்கமாக நட்டு வேலியாக்கினார்கள். உப்புக்காற்றைத் தாங்கும், வெட்ட வெட்ட அடரும் கடலோரச் செடி அது. அதற்கு உட்புறம் நொச்சியும் களாவும். மூலையில் ஒரு புன்னை, வாசலில் ஒரு மகிழம். பக்கத்து மனையில் விரைவாக வளர்கிறது என்பதற்காகச் சுற்றுச்சுவர் நெடுக கோனோகார்பஸ் என்ற அயல்நாட்டு மரத்தை வைத்திருக்கிறார்கள். நாங்கள் அதையே கேட்டிருந்தாலும் இவர்கள் நட்டுத்தர மறுத்திருப்பார்கள். குஜராத் அரசு 2023-இல் அம்மரத்தை நடத் தடை விதித்தது, பின்னர் தமிழ்நாடு அரசும் அவ்வழியைப் பின்பற்றியது. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது வேரோடு சாய்ந்த குல்மோகர், தூங்குமூஞ்சி, பெருங்கொன்றை மரங்கள் எத்தனை வாகனங்களை நசுக்கின என்பதைக் கண்டவர்களுக்கு, வீட்டுச் சுவரை ஒட்டி என்ன மரம் வைப்பது என்பது அழகைப் பற்றிய கேள்வியாக மட்டும் இருக்காது. புன்னை மெதுவாக வளரும். நிழலுக்குப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதைச் சொல்லியே நட்டார்கள்.

நடவுக் காலத்திலும் அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. வைகாசியில் பணம் கட்டியவர்களிடம் புரட்டாசி வரை பொறுத்திருக்கச் சொல்வதற்குத் துணிவு வேண்டும். மழைக்கு முன் வேர்பிடிக்க வைத்தால் அடுத்த கோடைக்குள் செடி தன் காலில் நிற்கும் என்பது அவர்களுடைய வாதம். அதன்படி சொட்டுநீர்க் குழாய்களையும் தொடக்க ஆண்டுகளுக்கு மட்டுமே திட்டமிட்டு, பிறகு கழற்றிவிடும்படி அமைத்தார்கள். பாசனத்தை நிரந்தரமாக விற்காமல் படிப்படியாக விலக்கிக்கொள்ளும் தோட்டத்தை வரைந்து தருவதுதான் இந்தச் சேவையை மற்றவற்றிலிருந்து வேறுபடுத்துகிறது. முதல் ஆண்டில் செடிகளுக்கு இடையே வெற்றிடம் அதிகமாகத் தெரிந்ததால், காசுக்கு ஏற்ற பசுமை இல்லை என்று உறவினர்கள் முகம் சுளித்தார்கள். செடி முழு வளர்ச்சியில் எவ்வளவு அகலம் விரியும் என்பதைக் கணக்கிட்டு இடைவெளி விட்டிருந்தார்கள். நெருக்கி நட்டுவிட்டு மறு ஆண்டே பாதியைப் பிடுங்கும் வேலை எங்களுக்கு இல்லாமற்போனது.

நாட்டுத் தாவரம் என்ற கொள்கையை அவர்கள் வறட்டுப் பிடிவாதமாக்கவில்லை. அம்மாவின் பூசைக்கு நந்தியாவட்டையும் செம்பருத்தியும் பவழமல்லியும் வேண்டும். சமையலறைக்கு அருகே கறிவேப்பிலையும் எலுமிச்சையும் வேண்டும். இவற்றுக்குத்தான் நல்ல வெயிலும் கைக்கெட்டும் தூரமும் முதலில் ஒதுக்கப்பட்டன. ஏற்கனவே இருந்த காகிதப்பூக் கொடியையும் அகற்றச் சொல்லவில்லை. தென்னமெரிக்காவிலிருந்து வந்ததென்றாலும் அது நீர் கேட்பதில்லை, விதை பரப்பிக் காட்டைப் பிடிப்பதுமில்லை. மாறாக, மூலையில் பூத்து நின்ற உன்னிச்செடியை வேரோடு எடுத்துவிட்டார்கள். அதன் பழத்தைத் தின்னும் பறவைகள் விதையை எங்கெல்லாம் கொண்டுபோகின்றன என்பதற்கு மேற்கு மலைத்தொடரின் காடுகளே சான்று.

மண்ணைப் பொறுத்தவரை அவர்களுடைய நிலைப்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. சென்னையில் எந்தத் தோட்டக்காரரை அழைத்தாலும் முதலில் லாரி நிறையச் செம்மண் கொட்டச் சொல்வார். அந்தச் செம்மண் எங்கோ ஓர் ஊரின் மேல்மண். அங்கே குழியாக்கிவிட்டு இங்கே ‘இயற்கைத் தோட்டம்’ அமைப்பதில் என்ன நியாயம் இருக்கிறது? இவர்கள் ஒரு கூடைகூடத் தருவிக்கவில்லை. தொழுவுரம், கழுவிய தென்னை நார்க்கழிவு, தெருவில் பெருக்கி மூட்டை கட்டிய வேப்பிலை, புங்க இலை ஆகியவற்றைக் கொண்டு மணலின் மேல் அரையடி மூடாக்கு போட்டார்கள். மணல் நீரைப் பிடித்துவைக்காது. அந்த வேலையை மட்கு செய்கிறது. பழைய தென்னை மரத்தைச் சுற்றி ஆறடி ஆரத்தில் வட்டப்பாத்தி எடுத்து, மட்டைகளையும் கீற்றுகளையும் அங்கேயே பரப்பினார்கள். அவற்றுக்குக் கீழே தரை கோடையிலும் ஈரமாக இருப்பதைக் கையால் தொட்டு உணர முடிகிறது. மூடாக்கைத் தண்டிலிருந்து நான்கு விரற்கடை தள்ளிப் போட வேண்டும், இல்லாவிட்டால் அடித்தண்டு அழுகும், கரையானும் ஏறும் என்பதையும் சொன்னார்கள்.

குளியலறை நீரை மறுபயன்பாடு செய்ய ஜல்லியும் மணலும் நிரப்பிய ஒரு பாத்தியில் கல்வாழையும் சேம்பும் வைத்து, வழிந்து வரும் நீரை வாழைக்குத் திருப்பியிருக்கிறார்கள். சமையலறைத் தொட்டி நீரை இதில் சேர்க்க மறுத்துவிட்டார்கள். எண்ணெய்ப்பசை ஜல்லியை அடைத்து நாற்றம் எடுக்கும் என்பது காரணம். துணி துவைக்கும் நீர் குறித்து மட்டும் தெளிவான பதில் கிடைக்கவில்லை. சலவைத்தூளின் சோடியம் கீரைப்பாத்திக்கு ஆகாது என்ற அளவில் நிறுத்திக்கொண்டார்கள். எந்தத் தூளைத் தவிர்ப்பது, எத்தனை செடிக்கு அந்த நீர் தாங்கும் என்று எழுதிக் கொடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வந்து சேர்ந்த உயிர்கள் பற்றிச் சொல்ல வேண்டும். மூடாக்கைப் புரட்டிப் புழு தேடத் தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வருகின்றன. செம்பருத்திக்குத் தேன்சிட்டு, நந்தியாவட்டைக்கு அந்திப்பூச்சிகள். வேலியோரம் விட்டுவைத்த எருக்கில் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் இலையைத் தின்று வளர்கின்றன. பூவை மட்டும் பார்க்காமல் புழுவுக்கான இலையையும் சேர்த்துத் திட்டமிட்டிருப்பதில் வடிவமைப்பாளரின் படிப்பு தெரிகிறது. பாம்பு வருமே என்பது அண்டை வீட்டாரின் கவலை. அவர்களுக்கும் அமர்ந்து விளக்கம் சொன்னார்கள்: பாம்பை அழைப்பது எலி, எலியை அழைப்பது குப்பையும் கல்குவியலும், எனவே வாசலைச் சுற்றி மூன்றடி தரையைத் திறந்தவெளியாக வைத்து, செங்கல் குவியல்களை அகற்றினால் போதும். அண்டை வீட்டார் முழுதாக நம்பியதாகத் தெரியவில்லை.

இனி குறைகள். இத்தகைய தோட்டத்தைக் காப்பதும் கெடுப்பதும் வாரம் ஒருமுறை வந்து வேலை செய்யும் தோட்டக்காரர்தான். ஆனால் நிறுவனத்தினர் விளக்கமெல்லாம் எங்களுக்குத் தந்தார்கள்; அவர் வராத நாள்களில் வந்து, வழவழப்பான தாளில் அச்சிட்ட வரைபடத்தை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். இருபது ஆண்டுகளாக இலையைக் கூட்டிக் கொளுத்துவதே சுத்தம் என்று பழகிய மனிதரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவர் வழக்கம்போல மூடாக்கை வழித்து மூட்டை கட்டினார். எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் பறவை எச்சம் போல ஒட்டியிருந்த அழகி வகை வண்ணத்துப்பூச்சியின் புழுக்களை, நோய் என்று எண்ணி வேப்பெண்ணெய் அடித்துத் தீர்த்தார். தென்னை மட்டைகளின் குழிந்த பக்கம் மேலே இருக்கும்படி பரப்பியது நிறுவனத்தின் சொந்த ஆட்களே. மழை பெய்ததும் ஒவ்வொரு மட்டையும் ஒரு கிண்ணமாகி, டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட வசதியானது. மூடாக்குக்கு மட்டையைக் கவிழ்த்துப் பரப்ப வேண்டும் என்பது எந்தத் தென்னை விவசாயிக்கும் தெரிந்த செய்தி. பலமுறை அழைத்த பின்னரே ஆள் வந்து திருப்பிப் போட்டார்.

நாற்றுகளின் தரமும் சீராக இல்லை. களாச் செடிகளில் சில, நெகிழிப் பையில் நெடுங்காலம் கிடந்து வேர் சுருண்டு போனவை. நட்ட பிறகும் பருக்கவில்லை. மாற்றித் தந்தார்கள், ஆனால் மழைக்காலம் முடிந்த பிறகு. ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீரால் சொட்டுவான்கள் அடைபடும் என்பதை எதிர்பார்த்து வடிகட்டியும், குழாயின் கடைசியில் திறந்து அலசிவிடும் மூடியும் வைத்திருக்க வேண்டும். அவற்றைப் பின்னர் நாங்களே பொருத்திக்கொண்டோம்.

கட்டணம் குறைவல்ல. வடிவமைப்புக்குத் தனியாகவும், நடவுக்கும் கட்டுமானத்துக்கும் தனியாகவும் வாங்குகிறார்கள். இதைக் குறையாகச் சொல்லமாட்டேன். ‘வடிவமைப்பு இலவசம்’ என்போர் அதைச் செடியின் விலையில் ஏற்றிவிடுவதால், அதிகச் செடியை விற்பதே அவர்களுக்கு ஆதாயமாகிறது. செலவைக் குறைக்க விரும்புவோர் வடிவமைப்பையும் நீர் அமைப்பையும் மட்டும் இவர்களைப் போன்றோரிடம் பெற்றுக்கொண்டு, புங்கன், மகிழம், புன்னை நாற்றுகளை வனத்துறை நாற்றங்கால்களில் வாங்கலாம். 2022-இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கிய பிறகு அங்கே நாட்டு மரக்கன்றுகள் எளிதாகக் கிடைக்கின்றன. புதிதாக வீடு கட்டுவோர், தரைமட்டமும் குழாய் வழியும் முடிவாவதற்கு முன்பே அழைத்தால் உடைத்துக் கட்டும் செலவு மிச்சமாகும். வாடகை வீட்டிலிருப்போருக்கும், மாடித்தோட்டம் மட்டும் வைக்க விரும்புவோருக்கும் இந்தச் சேவையால் பயனில்லை. தரையும் நீர்வழியும் கையில் இருந்தால்தான் இவர்களுடைய திறமை வெளிப்படும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் இரண்டு வரிகளைச் சேர்க்கச் சொல்லுங்கள். முதல் ஆண்டு முழுவதும் மாதம் ஒருமுறை நிறுவனத்தின் ஆள், தோட்டக்காரர் வேலை செய்யும் நாளிலேயே வந்து, அவரோடு சேர்ந்து வேலை செய்து காட்ட வேண்டும். பட்டுப்போகும் நாற்றுக்கு மாற்று, அடுத்த பருவமழை தொடங்குவதற்கு முன் வந்து சேர வேண்டும். எங்கள் தொடர் பராமரிப்பு ஒப்பந்தத்தில் இவ்விரண்டையும் பேசிச் சேர்த்திருக்கிறோம். நிறுவனத்தினர் மறுப்பின்றி ஏற்றுக்கொண்டு, மாதக் கட்டணத்தைச் சற்றே உயர்த்தியிருக்கிறார்கள்.